ஆற்று மீன் யாருக்கு? – மீன் டாக்டர் பிரான்சிஸ் டேயின் கதை

திருமுருகன்பூண்டிக் கோவில் நல்லாற்றின் கரையில் இருக்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னும் பொருளும் சுந்தரரிடம் இருந்து பறிபோன இடம் இதுதான் என்று தல வரலாறு சொல்லும். பக்கத்து ஊர் அவிநாசி. அங்கே முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டுக் கொடுத்தார். இந்தக் கதையைக் கேட்டு வளராத குழந்தை இந்தப் பக்கத்தில் இல்லை.

முதலை இருந்தது என்றால் மீனும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆறும் ஏரியும் நிறைய மீன் இருந்த காலம் அது. அந்த மீன்களுக்காக சர்க்காரோடு வழக்காடிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரான்சிஸ் டே. நம் ஊர் மீன்களைப் பற்றிய பெரிய புத்தகம் எதைத் திறந்தாலும், மீனின் பெயரை அடுத்து அவர் பெயர் வரும்.

மனிதனுக்கு மருந்து கொடுக்க வந்தவர், மீனுக்கு வைத்தியம் பார்க்கப் போன கதைதான் இது.

கப்பல் ஏறிய டாக்டர்

பிரான்சிஸ் டே 1829-ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் மாரெஸ்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம். வீட்டில் இருந்தே சாப்பிட்டிருக்கலாம். ஆனால் லண்டனில் மருத்துவம் படித்தார். 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். வயது 23.

அப்போது பர்மாவில் சண்டை. அங்கேயும் போனார். பிறகு பல ஊர்களில் உத்தியோகம். கடைசியில் கொச்சிக்கு மாற்றினார்கள்.

கொச்சி அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. கடல், காயல், ஆறு. எங்கே பார்த்தாலும் மீன். காலையில் மீன் கடைக்குப் போவார். கூடையில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பார். செம்படவர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். புது மீனாக இருந்தால் வாங்கிச் சாராயத்தில் ஊறப்போட்டுப் புட்டியில் அடைப்பார். பின்னாளில் அவர் எழுதிய பெரிய புத்தகத்தில், பல மீன்களுக்கு லத்தீன் பெயரோடு தமிழ், மலையாளம், தெலுங்குப் பெயர்களும் உண்டு. படிக்காத வலைக்காரர்கள் சொன்ன பெயர்கள் அவை. அந்தக் காலத்துத் துரைமார் எல்லாரும் இப்படிக் கேட்டு எழுதியவர்கள் அல்லர்.

1863-ல் கொச்சி நாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு நூல். இரண்டு ஆண்டு கழித்து, நீலகிரியிலும் அதன் அடிவாரத்து ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி எழுதினார். அடிவாரத்து ஆறு என்றால் முக்கியமாக நம் பவானி. பவானி மீன்கள் சிலவற்றுக்கு விஞ்ஞான உலகத்தில் முதன்முதலாகப் பெயர் வைத்தவர் டாக்டர் டேதான்.

மலை ஏறாத மீன்

ஊட்டிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை. குளிர் இருக்கிறது, ஓடை இருக்கிறது. தங்கள் ஊர் டிரவுட் மீன் மட்டும் இல்லை. தூண்டிலோடு ஓடைக்கரையில் நிற்க அவர்களுக்கு ஆசை. அந்த மீனைக் கொண்டுவரும் வேலையை டாக்டர் டே எடுத்துக்கொண்டார்.

டிரவுட், குளிர்ந்த தண்ணீரில்தான் வாழும். வெயில் பட்டால் முட்டை கெட்டுவிடும். சூயஸ் கால்வாய் திறந்ததோ 1869-ல்தான். அதற்கு முன் எகிப்து வரை கப்பல், எகிப்தைக் கடக்க ரெயில், பிறகு மறுபடியும் கப்பல் என்று வரவேண்டும். இங்கே வந்து இறங்கினால் சென்னை வெயில். அப்புறம் மலை ஏறவேண்டும்.

1863-ல் முயன்றார். 1866-ல் மறுபடியும் முயன்றார். பலிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகே அது நடந்தது. எச்.சி. வில்சன் என்ற மீன்துறை நிபுணர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்து, வெற்றி கண்டார். இன்று நீலகிரி ஓடைகளில் டிரவுட் இருக்கிறது என்றால் அது அந்தப் பண்ணையின் வாரிசு.

அணைக்கட்டும் உல்லமும்

டாக்டர் டே செய்த பெரிய வேலை வேறு. அதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அணைக்கட்டு கட்டிய ஆர்தர் காட்டன் துரையேதான்!

காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் மேலும் கீழும் அணை கட்டினார். தஞ்சாவூர் வயல் செழித்தது. பிறகு கோதாவரியில் கட்டினார். ஊர் ஊராக அவரைக் கொண்டாடினார்கள். 1867-ல் அவரே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இந்த அணைகளால் மீன்களுக்குக் கேடு வருகிறதோ என்ற சந்தேகம். தான் கட்டிய சுவரைத் தானே சந்தேகிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? இதைப் பார்த்து வரும்படி சர்க்கார் டாக்டர் டேயை அனுப்பியது.

உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளத்தில் ஹில்சா என்பார்கள். கடலில் வாழும். வெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறிவந்து முட்டையிடும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணைப் போல, ஆண்டுதோறும் காவிரியில் ஏறிவரும்.

அப்படி வந்த மீன், அணைச் சுவரில் வந்து முட்டி நின்றது. மேலே போக வழி இல்லை. முட்டையோடு கும்பல் கும்பலாகச் சுவரின் அடியில் சுற்றியது. வலை போட வேண்டிய வேலைகூட இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் டே இதைப் பார்த்தார். அணையில் மீன் ஏறிப்போக ஒரு வழி விடவேண்டும் என்று எழுதினார். மற்ற அணைக்கட்டுகளையும் போய்ப் பார்த்தார். எங்கும் இதே கதை.

உல்லத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. காவிரியில் வெள்ளம் வரும் முறையே மாறிப்போனது. உல்லம் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. இன்று காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது.

ஊர் ஊராகக் கேள்வி

1871-ல் டாக்டர் டே இந்தியா முழுமைக்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். உடனே என்ன செய்தார்? கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பினார். உங்கள் பக்கத்தில் மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வலைக்கண் எவ்வளவு சிறியது? நஞ்சு கலந்து பிடிக்கிறார்களா? குஞ்சுகளைப் பிடித்து விற்கிறார்களா? சந்தைக்குப் போதிய மீன் வருகிறதா?

பதில்கள் குவிந்தன. மீன் குறைந்துகொண்டே வருகிறது என்று பல ஜில்லாக்களில் இருந்து எழுதினார்கள்.

எப்படிக் குறையாமல் இருக்கும்? மழை பெய்ததும் குஞ்சுகள் வயலுக்கு வரும். வாய்க்கால் மடைக்கு மடை பறி வைத்திருப்பார்கள். ஒரு குஞ்சு தப்பாது. கோடையில் ஆறு வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும். அந்தக் குட்டையில் காக்காய்க்கொல்லி விதையை இடித்துப் போடுவார்கள், கள்ளிப்பாலைப் பிழிவார்கள். சற்று நேரத்தில் பெரியது, சிறியது எல்லாம் வயிற்றைக் காட்டி மிதக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழுகவிட்டுப் போவார்கள்.

இவற்றை எல்லாம் சேர்த்து 1873-ல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு விஷயம் சர்க்காருக்குக் கசந்திருக்கும். முன்பு ஆட்சி செய்தவர்கள் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவன் அடுத்த ஆண்டுக்கும் மீன் வேண்டுமே என்று கொஞ்சம் பார்த்துப் பிடிப்பான். வெள்ளைக்கார ஆட்சி பல இடங்களில் அந்த வரியை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று விட்டுவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாருக்கும் சொந்தம் என்றதும், காப்பாற்றுவது யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிட்டது. இதுதான் டாக்டர் டேயின் வாதம்.

வலைக்கண்ணுக்கு ஓர் அளவு வைக்கவேண்டும். ஆற்றை அடைத்து நிரந்தரப் பொறி வைக்கக்கூடாது. நஞ்சு கூடவே கூடாது. அணைகளில் மீனுக்கு வழி வேண்டும். இப்படிப் பல யோசனை சொன்னார்.

ஏழையின் குழம்புச் சட்டி

பல அதிகாரிகள் இதை எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆற்றில் இருந்து நாலு மீன் பிடித்து அன்றைய குழம்பை ஒப்பேற்றும் ஏழைக்கு என்ன பதில் சொல்வது? வலைக்கண்ணை அளக்க ஒரு சேவகனை அனுப்பினால், அவன் வலையை அளப்பானா, மடியை அளப்பானா? பஞ்சம் அடிக்கடி வந்த காலம் அது. இருந்த ஒரு வாசலையும் அடைப்பதா என்று கேட்டார்கள்.

டாக்டர் டே கல்நெஞ்சக்காரர் அல்லர். கடல் மீனைப் பற்றியும் அதே ஆண்டில் எழுதினார். உப்பு வரியால் மீனுக்கு நல்ல உப்புப் போட முடியவில்லை, ஏழைகள் கெட்டுப்போன கருவாட்டைத் தின்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் சென்னை ராஜதானிக் கடற்கரையில் கருவாடு போடுவதற்கென்றே மலிவான உப்புடன் களங்கள் ஏற்பட்டன.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஆற்று மீன் விஷயத்தில் அவருடைய கோபம் சின்ன வலைக்காரன் மேல் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. முட்டையிட வந்த மீனை மறித்தது பறியா, அணையா? அவர் அறிக்கையிலேயே இரண்டும் இருக்கின்றன. பறியை எடுக்கச் சொல்வது சுலபம். அணையில் ஓட்டை போடச் சொன்னால் சர்க்கார் கேட்குமா?

முதலை விஷயத்திலும் அப்படித்தான். மீனைத் தின்னும் முதலைகளை ஒழிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. இன்று முதலையைக் கொன்றால் சிறை. திருப்பூர் மாவட்டத்திலேயே அமராவதி அணைக்குப் பக்கத்தில் 1976-ல் முதலைப் பண்ணை வைத்து, குஞ்சு பொரித்து வளர்த்தார்கள். காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்!

துக்கமும் சண்டையும்

ஊர் ஊராக அலைந்த இந்த ஆண்டுகளில் வீட்டில் அவருக்குச் சுகம் இல்லை. முதல் மனைவி எம்மா 1869-ல் இறந்தார். மூன்று ஆண்டுக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டார். அந்த அம்மாளும் மறு ஆண்டே போய்விட்டார். அறிக்கை வெளிவந்த அதே 1873-ம் ஆண்டு அது.

1877-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய இந்திய மீன்கள் என்ற நூல் அவருக்கு அழியாத பெயர் கொடுத்தது. 1889-ல் இரண்டு தொகுதிகளாக இன்னொரு நூல் வந்தது. அதில் 1,400-க்கும் மேற்பட்ட மீன் வகைகள் உண்டு. இன்றும் கல்லூரியில் மீன் படிக்கும் மாணவர்கள் டேயைப் புரட்டாமல் தேர்வு எழுத முடியாது.

மேதைகளுக்கும் சண்டை உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன்களுக்கு அதிகாரியாக இருந்தவர் ஆல்பர்ட் குந்தர். அவருக்கும் டேக்கும் ஆகாது. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் ஒப்புக்கொள்ள மாட்டார். 1883-ல் லண்டனில் மீன்வளப் பொருட்காட்சி நடந்தது. இந்தியப் பகுதிக்கு டாக்டர் டே பொறுப்பு. ஆயுள் முழுவதும் சேர்த்த மீன் புட்டிகள் கையில் இருந்தன. லண்டனில் குந்தர் இருக்கும் மியூசியத்துக்குக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவில் சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார்! நம் ஆற்று மீன்கள் கடல் தாண்டிப் போய் அங்கே புட்டியில் இருக்கின்றன.

1889 ஜூலை 10-ந் தேதி செல்டன்ஹாம் நகரில் வயிற்றுப் புற்றுநோயால் டாக்டர் டே காலமானார். வயது 60.

இறந்த பிறகு வந்த சட்டம்

அவர் கேட்ட சட்டம், அவர் இறந்து 8 ஆண்டுக்குப் பின் வந்தது. 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம். தோட்டா வெடித்து மீன் பிடித்தால் குற்றம். மீனைக் கொல்வதற்காகத் தண்ணீரில் நஞ்சு கலந்தால் குற்றம். இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வலைக்கண், பொறி பற்றி விதி செய்ய அந்தந்த மாகாணத்துக்கு அதிகாரம்.

1907-ல் சென்னை ராஜதானியில் மீன்துறை ஏற்பட்டது. அதைத் தொடங்கி நடத்தியவர் பிரடெரிக் நிக்கல்சன். 1887-ல் கோயம்புத்தூர் ஜில்லாவைப் பற்றிப் பெரிய கையேடு எழுதியவர் இவரே. கூட்டுறவு இயக்கத்துக்கும் வித்திட்டவர். மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து நீர்நிலையைக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் பின்னாளில் வளர்ந்தது. டாக்டர் டே சொன்ன பழைய குத்தகை, புது உடையில் வந்தது என்று சொல்லலாம்.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். மீனைப் பிடிக்கவோ கொல்லவோ எண்ணி நஞ்சு கலந்தால்தான் குற்றம். கள்ளிப்பால் பிழிந்தவன் மாட்டுவான். வேறு காரியத்துக்காகக் கழிவை விட்டு ஆற்று மீன் முழுவதும் செத்தால் இந்தச் சட்டம் வாய் திறக்காது.

இதற்குத் திருப்பூரைவிட வேறு சாட்சி வேண்டுமா? பனியன் தொழில் வளர்ந்தது. சாயப் பட்டறைகள் பெருகின. நொய்யல், நாளுக்கு ஒரு நிறத்தில் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. அதில் சாய நீர் தேங்கி நின்றது. 1974-ல் நீர் மாசுச் சட்டம் வந்திருந்தும் ஆறு தப்பவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூட உத்தரவு போட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை திறக்கலாம் என்று ஆனது. எத்தனையோ குடும்பங்கள் வேலை இல்லாமல் தவித்தன. ஆற்றைக் கெடுத்த கணக்கும் கூலிக்காரர் தலையில்தான் முதலில் விழுந்தது.

தூண்டில் சங்கங்கள்

இனி தூண்டில்காரர்கள் கதைக்கு வருவோம். டாக்டர் டேயின் அறிக்கை வெளிவந்த அதே 1873-ல், தென் கன்னட ஜில்லா கலெக்டராக இருந்த எச்.எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி மங்களூரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வேடிக்கைக்காக மட்டும் எழுதியவர் அல்லர் அவர். மீன் அழிவதைப் பற்றி அவரும் சர்க்காருக்கு எழுதியவர். 1879-ல் நீலகிரிக்கு என்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீட்டு வாங்கினால்தான் சுடலாம், தூண்டில் போடலாம் என்றானது. துரைமார் சங்கம் வைத்து அதை நடத்தினார்கள். மலையில் பிறந்த மக்களோ, தங்கள் ஓடையைக் கரையில் இருந்து பார்த்தார்கள்.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் நம் நாட்டில் உண்டு. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான்! ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும். எல்லார் வீட்டிலும் அன்று மீன் குழம்பு. ஆனால் துண்டு வீசும் வரை ஒருவர்கூடத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. திறப்பதும் ஊர்தான், அடைப்பதும் ஊர்தான். டாக்டர் டே இதைப் பார்த்திருந்தால் அறிக்கையில் இரண்டு பக்கம் கூடியிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு தூண்டில் சங்கங்கள் நம்மவர் கைக்கு வந்தன. 1972-ல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தோன்றியது. கர்நாடகத்தில் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். அங்கே உள்ள பெரிய மீன் மகசீர். கெண்டை இனத்தில் யானை போன்றது. ஆள் கனம் வளரும். பிடிப்பார்கள், எடை பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், திரும்பவும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். தோட்டா வெடித்துத் திரிந்தவர்கள் பலருக்குக் காவிரிக்கரை முகாம்களில் வழிகாட்டி வேலை கிடைத்தது. பிடித்த மீனை விட்டுவிடுவதற்கா இவ்வளவு செலவு என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த எழுத்துக் கணக்கு பெரிய வேலை செய்தது.

காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கை விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தார்கள். ஓர் உண்மை வெளிவந்தது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெளியில் இருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்துக் குஞ்சு விட்டது வினையாகிவிட்டது. வேறு யாரிடமும் இந்தக் கணக்கு இல்லை.

திமில் மகசீருக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்பதே 2018-ல்தான் முடிவானது. அதே ஆண்டில், அடியோடு அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றும் உலகப் பட்டியலில் ஏறியது. அது இன்னும் பிழைத்திருக்கும் இடங்களில் ஒன்று மாயாறு. அந்த மாயாறு பவானிசாகரில் வந்து சேர்கிறது. அவிநாசியில் இருந்து காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த அணையைப் பார்த்துவிடலாம்.

காலிபோர் முகாம் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. சங்கக்காரர்கள் தூண்டிலைச் சுருட்டினார்கள். தண்ணீர் இல்லாத சங்கத்துக்கு உறுப்பினர் எப்படிச் சேருவார்கள் என்பது அவர்கள் கவலை. ஆற்றோரத்துக் கிராமத்தார் கவலை வேறு. சங்கத்துக்குக் குத்தகை கொடுத்தபோதும் அவர்கள் வெளியில் நின்றார்கள். சரணாலயம் என்று வேலி போட்டபோதும் வெளியில் நிற்கிறார்கள்.

அந்த முகாமின் மீன் கணக்கு 2012-ம் ஆண்டோடு நிற்கிறது. அதன் பிறகு அங்கே மீனைப் பிடித்து எடை பார்த்து எழுத ஆள் இல்லை.